ஒன்றான் முதல் நாலான் வரை

விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை கிழக்கு நோக்கியது. முற்பகல் முழுவதும் வெயில் அதை ஆண்டுகொள்ளும். பிற்பகலில்தான் மனிதர்க்கு இடம் விடும். அந்நேரத்தில் அம்மாவும் அடுத்த வீட்டு அத்தையும் அங்கே அமர்ந்து காகிதக் குழாய் உருட்டுவார்கள். மருந்து அடைக்கப்படாத வெற்றுக் குழாய்கள். வெட்டிய தாளைக் கம்பியில் சுற்றிப் பசை தடவி உருட்டி, கம்பியை உருவிக் கூடையில் போடுவார்கள். அதைச் செய்யும்போது அவர்கள் கையைப் பார்ப்பதே இல்லை. பேச்சு ஒருபுறம் நடக்கும்; கை ஒருபுறம் நடக்கும்.

2015ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் அதே திண்ணையின் மறுமூலையில் நான் மடிக்கணினியோடு அமர்ந்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி அது. கல்லூரியில் முதலாண்டை முடித்திருந்தேன். நிரல் எழுதக் கற்ற செருக்கு புதிதாக இருந்த காலம். இணைய உலாவியிலேயே ஆடத்தக்க சிறு விளையாட்டு ஒன்றை நானே எழுதி அதற்குப் 'பொறி' என்று பெயரும் வைத்திருந்தேன். திரையின் உச்சியிலிருந்து தீப்பொறிகள் விழும். அடியில் பட்டாசுப் பெட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இடையே ஒரு சிறுவன் தண்ணீர் வாளியுடன் நிற்பான். இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என இரண்டே விசைகள். அவற்றால் சிறுவனை ஓட்டிப் பொறி ஒவ்வொன்றையும் வாளியில் ஏந்த வேண்டும். ஒன்று தப்பினாலும் பெட்டிகள் வெடித்து ஆட்டம் முடிந்துவிடும். எங்கள் ஊர்க்காரன் வேறு எதைப் பற்றி விளையாட்டு எழுதுவான்?

முதலில் ஆடியவள் தங்கை. அப்போது அவள் ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள். மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் பத்து விநாடியைத் தாண்டவில்லை. கணினியை என் பக்கம் தள்ளிவிட்டு, "இது எனக்கு வராதுண்ணே" என்று எழுந்துகொண்டாள். எனக்குச் சினம் வந்தது. "கவனமா ஆடுனா வரும், பாரு" என்று நானே ஆடிக் காட்டினேன். இரண்டு நிமிடங்கள் வரை ஒரு பொறியும் தப்பவில்லை. திண்ணையில் இருந்தவர்கள் வியப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அம்மா குழாய் உருட்டும் கையை நிறுத்தாமலே சொன்னார்:

"ஏய்யா, ஒன்னான் ஆடவிடாம எடுத்த எடுப்புல நாலான் ஆடச் சொன்னா, சின்னப்பிள்ளை என்ன செய்யும்?"

அம்மா குறிப்பிட்டது தட்டாங்கல் ஆட்டத்தை. சொட்டாங்கல், ஐந்தாங்கல் என ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் ஆட்டத்தின் அமைப்புப் பெரும்பாலும் ஒன்றே. ஐந்து கற்களைத் தரையில் உருட்டிவிட்டு ஒன்றை எடுத்து மேலே எறிய வேண்டும். அது கீழே வருவதற்குள் தரையிலுள்ள கல்லை அள்ளிக்கொண்டு, எறிந்த கல்லையும் அதே கையால் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றாக அள்ளுவது ஒன்றான். இரண்டிரண்டாக அள்ளுவது இரண்டான். மூன்றை ஒருசேரவும் எஞ்சிய ஒன்றைத் தனித்தும் அள்ளுவது மூன்றான். நான்கையும் ஒரே வாரலில் அள்ளுவது நாலான். பேச்சில் இவை ஒன்னான், ரெண்டான், மூணான் என்றாகும். தமிழ்ப் பெண்பிள்ளைகளின் கையில் இவ்வகை ஆட்டம் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. பொருநை ஆற்றின் வெண்மணலில் மகளிர் பொற்கழங்கு ஆடியதை ஆலத்தூர் கிழார் புறநானூற்றின் 36ஆம் பாடலில் காட்டுகிறார். எங்கள் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் வெளிப்பட்டன. அவற்றைக் கொண்டு என்ன விதிகளோடு ஆடினார்கள் என்பதை மண் சொல்வதில்லை.

அம்மாவின் சொல் என்னைத் தைத்தது. தட்டாங்கல்லை ஒரு பொறியாளனின் கண்ணோடு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒன்றானுக்கும் நாலானுக்கும் இடையே எது கடினமாகிறது? கல் விழும் வேகம் மாறுவதில்லை. புவியீர்ப்பு யாருக்காகவும் கூடுவதோ குறைவதோ இல்லை. ஒன்றரை அடி உயரம் எறிந்த கல் ஏறி இறங்க ஏறத்தாழ 0.6 விநாடி ஆகும். உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் கணக்குத்தான் இது. இந்தக் காலத்தை இரட்டிப்பாக்க விரும்பினால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். அதாவது ஆறடி எறிய வேண்டும். அமர்ந்திருக்கும் சிறுமி ஆறடி எறிந்தால் கல் தாழ்வாரக் கூரையில் பட்டுத் தெறிக்கும். ஆகவே கிடைப்பது அந்த அரை விநாடியும் சற்றுக் கூடுதலும் மட்டுமே. அதே சிறுபொழுதில் கை செய்ய வேண்டிய வேலைதான் படிப்படியாகக் கூடுகிறது. ஒரு படியைப் பிழையின்றி முடித்த கைக்கே அடுத்த படி திறக்கிறது. யாருக்கு எப்போது கடினமாக்குவது என்பதைக் கல் தீர்மானிப்பதில்லை. ஆடுபவளின் கைதான் தீர்மானிக்கிறது.

என் விளையாட்டில் நான் என்ன செய்திருந்தேன்? நிரலைச் சரிபார்ப்பதற்காகப் பல நூறு முறை நானே ஆடியிருந்தேன். முதல் வாரத்தில் பொறிகள் மெல்லத்தான் விழுந்தன. எனக்குச் சலித்ததும் வேகத்தைக் கூட்டினேன். பிறகும் சலித்தது, பிறகும் கூட்டினேன். இரண்டான், மூன்றான் எல்லாவற்றையும் தனியே ஆடித் தீர்த்துவிட்டு நாலானை மட்டும் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். தன் விளையாட்டு எவ்வளவு கடினமானது என்பதை அறியத் தகுதியற்ற ஒரே ஆள் அதை எழுதியவன்தான் என்பது அன்று எனக்கு விளங்கியது.

மற்றவர்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். எங்கள் ஊரில் அந்நாளில் இணைய இணைப்பு அறுந்துபோவதற்குப் பஞ்சமில்லை. அறுந்தவுடன் குரோம் உலாவியில் தோன்றும் டைனோசரை நீங்களும் கண்டிருப்பீர்கள். பாலைநிலத்தில் தானாக ஓடும் அது. கள்ளிச்செடி வந்தால் தாண்டச் செய்ய வேண்டும். 2014இல் கூகுள் நிறுவனம் சேர்த்த இந்த விளையாட்டின் நிரல் யாரும் படிக்கத்தக்கதாக வெளியிடப்பட்டிருக்கிறது. நான் அதை வரிவரியாகப் படித்தேன். விளையாட்டாகத் தோன்றுவதற்குள் எவ்வளவு கரிசனம்!

முதல் மூன்று விநாடிகளுக்குத் தடை எதுவும் வராது; ஆடுபவர் விரலை வைத்துக் கொள்ளவும் கண்ணைப் பழக்கிக் கொள்ளவும் அந்த இடைவெளி. தொடக்க வேகம் 6 என்று குறிக்கப்பட்டிருக்கிறது. உச்ச வேகம் 13. திரை ஒரு விநாடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. ஒவ்வொரு முறையும் வேகத்தோடு 0.001 கூடுகிறது. ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கண்ணாலும் காண முடியாது. ஆனால் 7,000 முறை கூடிய பின், அதாவது இரண்டு நிமிடத்திற்கும் சற்றுக் குறைந்த நேரத்தில், வேகம் உச்சத்தை அடைந்திருக்கும். பறவைகள் தொடக்கத்தில் வருவதில்லை, வேகம் 8.5ஐத் தொட்ட பிறகே, நாற்பது விநாடி கடந்த பின்னரே, அவை வரத் தொடங்கும். எல்லாவற்றினும் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. வேகம் கூடக் கூட, இரண்டு கள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் நிரல் கூட்டிக்கொண்டே போகிறது. ஒரு கையால் நெருக்குகிறது. மறுகையால் இடம் விடுகிறது. இரண்டு நிமிடத்திற்குப் பிறகு அந்த ஆட்டம் மேலும் வேகமெடுப்பதே இல்லை என்பதையும் அங்கேதான் அறிந்தேன். அதற்குப் பின் தோற்பவர் வேகத்தால் தோற்பதில்லை. கவனம் சோர்ந்து தோற்கிறார்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயன் 2013இல் வெளியிட்ட ஃபிளாப்பி பேர்டு என்னும் கைப்பேசி விளையாட்டில் முதல் தடையும் நூறாவது தடையும் ஒரே அளவினவே. படிகளே இல்லாத மாடி அது. உலகமே அதை ஆடிக்கொண்டிருக்கையில், 2014 பிப்ரவரியில் அவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

படிநிலை என்பது தற்செயலாகவும் பிறந்திருக்கிறது. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்திற்காகத் தோமோஹிரோ நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டை உருவாக்கினார். ஐந்து வரிசைகளில் 55 பகைவர்கள் பக்கவாட்டில் நகர்ந்தபடியே கீழிறங்குவார்கள். அக்காலத்துச் செயலி அவ்வளவு பேரையும் விரைவாக வரைந்து நகர்த்தும் ஆற்றல் பெற்றதன்று. ஆடுபவர் ஒவ்வொருவராக வீழ்த்த வீழ்த்தச் செயலியின் சுமை குறைந்தது. எஞ்சியவர்கள் மேலும் மேலும் விரைந்தார்கள். பொறியின் இயலாமையால் நேர்ந்த இந்த விரைவைக் கண்ட நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவைத்தார். கடைசி ஒருவன் மிக வேகமாக ஓடுவான். அவனையும் வீழ்த்தினால் புதிய படை மறுபடி மெல்ல நகரத் தொடங்கும். நிற்கும் இடம் மட்டும் முன்னைவிடத் தாழ்வாக இருக்கும்.

'மறுபடி மெல்ல' என்பதன் பொருள் எனக்கு உடனே பிடிபடவில்லை. அச்சகத்தில் மை பிசகிக் கழித்த லேபிள் தாள்கள் எங்கள் வீட்டில் எப்போதும் கிடக்கும். அவற்றின் பின்புறத்தில் கோடுகள் வரைந்து வரைந்து பார்த்தேன். இடமிருந்து வலமாகச் சீராக ஏறும் ஒரு சாய்கோடு எனக்கு நியாயமாகப் பட்டது. முதலில் ஒற்றைப் பொறி. பத்து ஏந்தினால் சற்று வேகம். இன்னும் பத்து ஏந்தினால் மேலும் வேகம். அப்படியே எழுதினேன். தங்கை மறுபடி வந்தாள். இம்முறை அவள் விரைவில் தோற்கவில்லை. ஆனால் ஐந்தாம் நிமிடத்தில் கொட்டாவி விட்டாள். என்னால் விளக்கம் கூற முடியாத தோல்வி அது. முதல் முறையாவது அவள் வருந்தினாள்; இப்போது வருந்தவும் இல்லை.

அன்று மாலை அவளும் தெருப்பிள்ளைகள் இருவரும் திண்ணையில் தட்டாங்கல் ஆடுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலானை முடித்தவள் கற்களைப் புறங்கையில் ஏந்தி உள்ளங்கைக்கு மாற்றினாள். பின்னர் எல்லாவற்றையும் உருட்டிவிட்டு மீண்டும் ஒன்றானிலிருந்து தொடங்கினாள். நேற்றுவரை அவளைத் திணறச் செய்த அதே ஒன்றான், இன்று பேசிக்கொண்டே ஆடும் ஒன்றானாகிவிட்டது. ஏறிக்கொண்டே இருப்பவனுக்குத் தான் ஏறிய உயரம் தெரிவதில்லை. சற்று இறங்கி நின்றால்தான் தெரிகிறது. என் சாய்கோட்டில் அவள் கை எவ்வளவு தேர்ந்தாலும் வேலையும் அதே அளவு கூடியது. ஆகவே முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை அவளுக்கு ஒரே இறுக்கம். தான் தேர்ந்ததை அவள் எங்கே கண்டுகொள்வாள்?

நாற்பது பொறிகளுக்கு ஒருமுறை, பத்துப் பொறிகள் தனித்தனியே நிதானமாக விழும்படி மாற்றினேன். அந்த இடத்தை எட்டியதும் தங்கை சிரித்தாள். "இப்ப ரொம்ப மெதுவா வருதுண்ணே. இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்றாள். உண்மையில் அந்த 'மெதுவான' பொறிகள், முதல் நாள் அவள் தோற்ற வேகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தன. நான் அதைச் சொல்லவில்லை.

இவ்வளவில் என் விளையாட்டு முடிந்துவிட்டது என்றே எண்ணியிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பட்டாசு ஆலையில் மருந்துக் கலவைப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவர். தங்கை பெருமையோடு அவருக்கு ஆடிக் காட்டினாள். ஒரு கட்டத்தில் பொறி ஒன்று தப்பியது. பெட்டிகள் சிதறின, திரை முழுவதும் செந்நிறம் பரவியது. நான் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்த ஓசை திண்ணையை அதிரச் செய்தது. தங்கை விசையைத் தட்ட, பெட்டிகள் மறுபடி வரிசையாக நின்றன. வாளியோடு சிறுவனும் நின்றான்.

"மறுபடியும் ஆடலாமா இத?" என்று மாமா கேட்டார்.

"எத்தன தடவ வேணும்னாலும் ஆடலாம் மாமா" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. சொம்பிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் தெருவைப் பார்த்து அமர்ந்துகொண்டார். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நான் பதினோராம் வகுப்பில் இருந்தேன், உங்கள் வயது. வானில் எழுந்த புகையைக் கண்டவன்தான் நானும். அதற்குப் பிறகும் 'பெட்டிகள் வெடித்து ஆட்டம் முடியும்' என்று ஒரு வரியை என் கை தயங்காமல் எழுதியிருக்கிறது.

நெடுநேரம் கழித்து மாமாதான் பேசினார். வேகம் கூடக்கூடக் கெட்டிக்காரத்தனம் என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. "எங்க வேலையில கை பழகுனவந்தான்யா மெதுவாச் செய்வான். புதுசா வந்தவந்தான் வெரசாச் செய்யப் பாப்பான்" என்றார். கலவை வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும். இரும்புக் கருவி ஆகாது. உராய்வு ஆகாது. ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தல் கூடாது. இவ்வளவும் கையை மெதுவாக வைத்திருப்பதற்கான ஏற்பாடுகளே. ஆனால் தீபாவளி நெருங்க நெருங்கக் கேட்பு கூடுகிறது. நாளுக்கு இத்தனை என்னும் எண்ணும் கூடுகிறது. அது எவருடைய கை தேர்ந்ததைப் பார்த்தும் கூடுவதன்று. நாட்காட்டியைப் பார்த்துக் கூடுவது.

அம்மா அதைக் கேட்டுக்கொண்டே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, எங்களிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவருடைய சிறுவயதில் வீட்டில் தீப்பெட்டி ஒட்டும் வேலை. கணக்கு குரோசில், ஒரு குரோசு என்பது 144 பெட்டி. ஒரு குரோசு ஒட்டிய பிறகே தட்டாங்கல்லைத் தொடலாம் என்பது பாட்டி வைத்த விதி. கை பழகியதும் அம்மா அதை விரைவில் முடித்துவிட்டு விளையாட ஓடினார். அதைக் கண்டு பாட்டி ஒன்றை இரண்டாக்கினார். இரண்டும் பழகியது; மூன்றானது. பாட்டியைக் குறைகூறி அம்மா இதைச் சொல்லவில்லை. அரிசி வாங்க அந்தக் காசு வேண்டியிருந்தது. "அதுவும் ஒன்னான், ரெண்டான் மாதிரிதான் ஏறுச்சு" என்றார். "ஆனா கல்லுல தப்பு விட்டா, அடுத்தவகிட்டக் குடுத்துட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காரலாம்ல. பெட்டியில அப்படி யாரும் வாங்கிக்க மாட்டாக."

சிவகாசிப் பகுதிச் சிறார் உழைப்பு குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதியை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு சிறாருக்கும் 20,000 ரூபாயை அவரது நலநிதிக்கு வேலை கொடுத்தவர் செலுத்த வேண்டும் என்றது. நான் பிறந்த காலம் அது. அதனால்தான் தங்கையின் கையில் கல் மட்டும் இருந்தது, பசை இல்லை. அம்மா அந்தக் காலத்தைப் பதினைந்து ஆண்டுகள் முந்திவிட்டார்.

அன்றிரவு நிரலைத் திறந்தேன். வெடியோசையை நீக்கினேன். செந்நிறத் திரையை நீக்கினேன். பட்டாசுப் பெட்டிகளையும் எடுத்துவிட்டு ஈர மணலை வைத்தேன். இப்போது தப்பிய பொறி மணலில் விழுந்து நமத்த வெடிபோல் 'புஸ்' என்று அணையும். ஆட்டம் முடிந்ததும் 'மறுபடி ஆடுக' என்று வந்த இடத்தில் 'அடுத்தவர் ஆடலாம்' என்று எழுதினேன். ஒரே ஆள் ஆடினாலும் அப்படித்தான் வரும். அதைத் தாண்டித் தானே தொடர்ந்து ஆட விரும்புபவர் மூன்று விநாடி காத்திருக்க வேண்டும். அந்த மூன்று விநாடி, டைனோசரிடமிருந்து நான் பெற்ற கடன்.

மறுநாள் பிற்பகல் திண்ணையில் தெருப்பிள்ளைகள் வரிசையில் அமர்ந்தார்கள். ஒருவர் தோற்க, மற்றவர் கணினியை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் ஆடும்போது கொடுத்தவர் கையை உதறிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். தங்கை 112 பொறிகள் ஏந்தினாள். அவளுக்கும் அடுத்து ஆளில்லாத ஒரு வேளையில், "அம்மா, நீ ஆடும்மா" என்று கணினியை அவர்முன் நகர்த்தினாள்.

அம்மா பசை ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார். இரண்டு விசைகளையும் தொட்டுப் பார்த்தார். முதல் மூன்று விநாடி எதுவும் விழாததைக் கண்டு, "கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். பிறகு பொறி விழத் தொடங்கியது. முதல் மூன்றை ஏந்தினார். நான்காவது விளிம்பில் பட்டும் படாமலும் விழுந்தது. ஏழாவது மணலில் விழுந்து அணைந்தது. திரையில் வந்த எழுத்துகளை மெல்லக் கூட்டிப் படித்தவர், கணினியை இரு கைகளாலும் தூக்கி அத்தையின் மடியில் வைத்தார்.

"இந்தாங்க மதினி, உங்க ஆட்டம்" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து கால்களை நீட்டிக்கொண்டார்.